பன்றிக்குப் போடுகிற பெரிய குண்டுத் தோட்டா எஸ்ஜீ என்று சொல்லி, பறவைக்குப் போடுகிற ஆறாம் நம்பர் தோட்டாவை விற்றுவிட்டார்கள். 12,500 ரூபாய் போச்சு!

கந்தப்பளைப் பக்கம் உருளைக்கிழங்கு, லீக்ஸ் போடுகிறவர்கள் இதை முழுதாக வாசியுங்கள். வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு மாற்றிய பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு, பன்னிரண்டு போர் (குழலின் அளவு), ஒற்றைக் குழல். லைசன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் டவுனில் ஒரு தோட்டாக் கடையில் 25 உள்ள பெட்டி ஒன்று வாங்கினேன். 12,500 ரூபாய். கிழங்கு விற்ற காசு.

கடைக்காரர் உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தார். "உங்க அப்பாவ எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. பன்றிக்கு எஸ்ஜீயத் தவிர வேற எதையும் போட்டுறாதீங்க, காயத்தோட திரும்பி வரும்" என்றார். சொன்னது அத்தனையும் சரி. எஸ்ஜீ குண்டு ஒன்று 8.4 மில்லிமீற்றர், அவுன்சுக்கு எட்டுத்தான். ஆறாம் நம்பர் 2.6 மில்லிமீற்றர், அவுன்சுக்கு 270. அது பறவைக்கு உள்ளது, பன்றியின் தோள் தோலையும் அதில் காய்ந்த சேற்றையும் தாண்டி ஆழமாகப் போகாது. இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் எனக்கு அதை விற்றார்! திறந்திருந்த வேறொரு பெட்டியிலிருந்து ஒரு நல்ல எஸ்ஜீயை எடுத்துக் கையில் தந்து காட்டினார். எனக்குக் கட்டிக் கொடுத்தது ஒட்டிய பெட்டி. அப்பாவின் பெயரைச் சொன்னவர் முன்னால் அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

போன வெள்ளி இரவு இருபது யார் தூரத்தில் ஒரு பெரிய ஒற்றைப் பன்றி. சுட்டேன். விழவில்லை, எங்கள் பக்கமே திரும்பியது. அடுத்த தோட்டா 'டிக்' என்றதோடு சரி. நாய் குறுக்கே பாய்ந்திருக்காவிட்டால் என் காலோ உயிரோ போயிருக்கும். அதன் விலா கிழிந்து தையல் போட்டிருக்கிறோம். பன்றி காயத்தோடு தேயிலைக்குள் போய்விட்டது. விடிந்தால் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகிற மலை அது. இரவோடு இரவாக ஓடிப்போய் கங்காணியிடம் சொன்னேன்.

காலையில் ஒரு தோட்டாவை வெட்டிப் பார்த்தால் மிளகை விடச் சின்ன குண்டுகள். பழைய எழுத்தைச் சுரண்டி எஸ்ஜீ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். பித்தளை அடி பச்சை பூத்துக் கிடக்கிறது.

போன் செய்தேன். "திங்கட்கிழமை வாங்க, மாத்தித் தர்றேன்." திங்கள் போனால் முதலாளி கொழும்பில். செவ்வாய் போனால், "பெட்டி ஒடைச்சா திருப்பி எடுக்க ஏலாது, நீங்க தூரத்துல இருந்து சுட்டிருப்பீங்க." இப்போது போனே எடுப்பதில்லை. கையில் இருப்பது 'சாமான் 12,500' என்று எழுதிய துண்டு மட்டும்.

வாங்கும்போது ஒவ்வொரு தோட்டாவையும் காதோரம் ஆட்டிப் பாருங்கள், மணல் மாதிரிக் கேட்டால் எஸ்ஜீ இல்லை. பித்தளை அடி பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் ரகமும் எண்ணிக்கையும் எழுதச் சொல்லுங்கள். வெடிக்காவிட்டால் உடனே துவக்கைத் திறக்காதீர்கள், குழலை ஆளில்லாத பக்கம் பிடித்து அரை நிமிடமாவது பொறுங்கள். முறைப்பாடு சொல்ல பாவனையாளர் அதிகார சபையின் போன் நம்பர் 1977.

மிச்சம் 22 தோட்டாவையும் அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை பொலிஸுக்குப் போகிறேன்.