பச்சைத் தேயிலை விலையை டெல்லியில் எழுப்ப எந்த வழி? தனிநபர் மசோதா, மனு, எழுத்துக் கேள்வி: ஓர் ஒப்பீடு

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கூடும் கூட்டங்களில் கடைசித் தீர்மானம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: பச்சைத் தேயிலை விலைப் பிரச்சினையை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். எப்படி என்று கேட்டால் மூன்று யோசனைகள் வரும். எம்.பி. மூலம் தனிநபர் மசோதா கொண்டுவரலாம், கையெழுத்து வாங்கி மனு கொடுக்கலாம், அமைச்சரிடம் கேள்வி கேட்கச் சொல்லலாம். எங்கள் தேர்வு மூன்றாவது வழி. அதிலும், எழுத்துப் பதில் மட்டும் வரும் நட்சத்திரக் குறியில்லாத கேள்வி. பத்திரிகையில் படம் வராத வழி இது. ஆனால் கையில் ஏதாவது மிஞ்சுவது இதில்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் விஷயம் டெல்லிக்கு உரியதா என்று பாருங்கள். 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம், தேயிலை வாரியம், 2003ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை ஆகிய மூன்றும் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருபவை. இன்ட்கோசர்வ் (கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையம்) பணப் பட்டுவாடா, டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் வீடுகள், கூடலூரில் பட்டா விவகாரத்தில் உள்ள 'பிரிவு 17' நிலம் எல்லாம் மாநில அரசின் பொறுப்பு. அவற்றைச் சென்னையில் எழுப்ப வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைக் கேள்வியாகவோ மனுவாகவோ ஏற்க மாட்டார்கள்.

தனிநபர் மசோதாவை விரைவாகச் சொல்லிவிடலாம். அமைச்சர் அல்லாத எந்த எம்.பி.யும் ஒரு மாத முன்னறிவிப்புடன் கொண்டுவரலாம். மக்களவையில் அதற்கு உள்ள நேரம் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம். அதையும் தனிநபர் தீர்மானங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். சுதந்திர இந்தியாவில் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியபோது நாடே திரும்பிப் பார்த்தது, ஆனால் மக்களவையில் நிறைவேறவில்லை. அரசு தனியே ஒரு மசோதா கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. விலை நிலைப்படுத்த நிதி ஒதுக்கச் சொல்லும் மசோதா என்றால் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து, செலவு ஏற்படுத்தும் மசோதாவை அவை நிறைவேற்றக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் பிரிவு 117(3). அமைச்சரவைக்கு மனமில்லாவிட்டால் அந்தப் பரிந்துரை வராது.

மனு இதைவிட மேல். மக்களவையின் மனுக்கள் குழுவில் 15 பேர், மாநிலங்களவைக் குழுவில் 10 பேர். அமைச்சகச் செயலாளரையே கூப்பிட்டு விசாரிக்க அவர்களால் முடியும். முன்னாள் படைவீரர்களின் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' கோரிக்கைக்கு ஆதரவாக 2011இல் வந்த மாநிலங்களவை மனுக்கள் குழு அறிக்கை பெரிய பலமாக இருந்தது.

நம் ஆட்கள் சறுக்குவது வடிவத்தில். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் கையெழுத்துடன் இருக்க வேண்டும். அவையில் தாக்கல் செய்ய எம்.பி.யின் மேலொப்பம் வேண்டும். தொழிற்சாலை ரசீது, வாரிய அறிவிப்பு நகல் என்று எதையும் இணைக்கக் கூடாது. கோரிக்கை எழுதிய தாளிலேயே குறைந்தது ஒருவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துகள் பல தாள்களில் இருந்தால் ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையைத் திரும்ப எழுத வேண்டும். ஒவ்வொரு ஹட்டியிலிருந்தும் (படுகர் ஊர்) வெறும் நோட்டுத் தாளில் வாங்கிவரும் கையெழுத்துகள் அடிபடுவது இதனால்தான். கையெழுத்து எண்ணிக்கை கூடினால் விதிப்படி மதிப்பு கூடுவதும் இல்லை.

எழுத்துக் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், 150 சொற்களைத் தாண்டக் கூடாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்பவை), 230 எழுத்துக் கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்குத் துணைக் கேள்வி கேட்கலாம் என்பது உண்மை, ஆனால் ஒரு மணி நேரத்தில் 20ஐயும் எட்ட முடியாது. அமளி வந்தால் அதுவும் போயிற்று. எழுத்துப் பதில் அமளி நாளிலும் அவையில் வைக்கப்படும். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் இல்லை, தனிநபர் அலுவலும் இல்லை. எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன.

என் தேர்வைத் தீர்மானித்தது வேறொன்று: மக்களவை கலைந்தால் எது மிஞ்சும்? மக்களவையில் நிலுவையில் உள்ள மசோதா கலைப்போடு காலாவதி. மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் கிடக்கும் மசோதாவும் காலாவதி. மறுதலையாகப் போனாலும் தப்ப வழியில்லை: 2010 மார்ச் 9இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் கிடந்து 2014இல் காலாவதியானது. மக்களவை மனுவுக்கும் அதே கதி. மாநிலங்களவை கலையாது என்பதால் அங்கே கொடுத்த மனு தப்பும், மனுதான் வேண்டும் என்பவர்கள் அங்கே கொடுங்கள். எழுத்துக் கேள்விக்குப் பதில் அந்தக் கூட்டத்தொடரிலேயே அச்சாகிவிடுகிறது. அந்தப் பதிலில் அமைச்சர் ஏதாவது வாக்குறுதி தந்திருந்தால் அது அரசு உறுதிமொழிகள் குழுவின் கணக்கில் ஏறும். நிறைவேற்றக் கெடு மூன்று மாதம். அவை கலைந்தாலும் அந்தக் குழு முன் உள்ள உறுதிமொழி காலாவதி ஆவதில்லை.

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்று பதில் வந்தால் தட்டிக்கழித்துவிட்டார்கள் என்று நம்மவர்கள் சோர்ந்துபோகிறார்கள். எனக்குக் கிடைக்கக்கூடியதில் சிறந்த பதில்களில் அதுவும் ஒன்று. அந்த வாசகமும் 'பரிசீலனையில் உள்ளது' என்பதும் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் வாசகங்கள். 'சிறு விவசாயிகள் நலனில் அரசு அக்கறை கொண்டுள்ளது' என்பது உறுதிமொழி ஆகாது. அதனால் கேள்வியை எழுதும்போதே, புள்ளிவிவரம் தரவேண்டும் அல்லது உறுதிமொழி தரவேண்டும் என்ற நிலைக்கு அமைச்சகத்தைக் கொண்டுவர வேண்டும்.

'பச்சைத் தேயிலைக்கு நியாய விலை கிடைக்க அரசு ஆவன செய்யுமா?' என்று கேட்டால் அக்கறைப் பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் நீலகிரிக்குத் தேயிலை வாரியம் அறிவித்த மாதவாரி சராசரி இலை விலை என்ன, (ஆ) அதைவிடக் குறைத்துக் கொடுத்த தொழிற்சாலைகள் ஆண்டுவாரியாக எத்தனை, (இ) விவசாயிக்கு 65 சதவீதம், தொழிற்சாலைக்கு 35 சதவீதம் என்ற பங்கீட்டை மீறியவற்றின் மீது 2003 ஆணைப்படி எடுத்த நடவடிக்கை என்ன, (ஈ) இல்லையெனில் காரணம் என்ன. வாதம், குற்றச்சாட்டு, கருத்துக் கேட்பது எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் செயலகம் தள்ளிவிடும். ஏற்கெனவே பதில் வந்த விஷயமும் தள்ளுபடியாகும் என்பதால் பழைய பதில்களை முதலில் தேடிப் பாருங்கள். தகவல் இருந்தால் அடுத்த கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னும் இரண்டு இடங்களில் தவறும். 230க்குள் வருவது குலுக்கலைப் பொறுத்தது. ஒரே எம்.பி.யை நம்பாமல் கேரளம், அசாம், மேற்கு வங்கத்துத் தேயிலைத் தொகுதி எம்.பி.க்களிடமும் கொடுங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டால் பெயர்களைச் சேர்த்துவிடுவார்கள். மாநிலங்களவையிலும் ஒரு நாளைக்கு 160 எழுத்துக் கேள்விகளுக்கு இடம் உண்டு. இரண்டாவது, தேதி. கூட்டத்தொடரை முன்கூட்டியே முடித்தால் மீதி நாட்களின் கேள்விகள் அப்படியே போய்விடும், அதனால் வர்த்தக அமைச்சகத்துக்கான முதல் வாரத்து நாளையே பிடியுங்கள்.

வர்த்தக நிலைக்குழு நான்காவது வழி. மாநிலங்களவையின் கீழ் இயங்கும் அதில் 21 மக்களவை, 10 மாநிலங்களவை உறுப்பினர்கள். 2022இல் டார்ஜிலிங்கை மையமாக வைத்துத் தேயிலைத் தொழில் பற்றி அறிக்கை தந்தது. அங்கே நேரில் கருத்துச் சொன்ன அனுபவம் எங்களுக்கு இல்லை, ஆகவே அதை இவற்றோடு தராசில் வைக்கவில்லை. குழு தேயிலையை ஆய்வுக்கு எடுத்துக் கருத்துக் கேட்கும்போது கருத்துரை எழுதக் கையில் புள்ளிவிவரம் வேண்டும். அதையும் எழுத்துப் பதில்களிலிருந்துதான் எடுக்க முடியும்.

பதில் வந்த நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணுங்கள். கெடு முடிந்ததும் அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்டிருக்கிறதா, உறுதிமொழியைக் கைவிடக் கோரியிருக்கிறதா என்று எம்.பி. அலுவலகத்தில் விசாரியுங்கள். கைவிடக் கோரியிருந்தால், ஏற்க வேண்டாம் என்று காரணங்களோடு உறுதிமொழிகள் குழுவின் தலைவருக்கு எம்.பி.யை எழுதச் சொல்லுங்கள்.