நெடுஞ்சாலை வேக டேட்டா: நெரிசலில்தான் தரம் தெரிகிறது

பல வருடமாக நெடுஞ்சாலை வேக டேட்டாவை வேலைக்குப் பயன்படுத்துகிறேன். ஓடும் வண்டிகளின் ஜிபிஎஸ்ஸிலிருந்து திரட்டி, சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, நிமிடத்துக்கு நிமிடம் வேகம் சொல்லும் சேவை. துல்லியமா என்று கேட்பவர்களிடம், எந்த வேகத்தில் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

சாலை காலியாக இருந்தால் எல்லா டேட்டாவும் சரியாகவே இருக்கும். நாளின் பெரும்பகுதி அப்படித்தான் என்பதால், மொத்தச் சராசரிப் பிழை அழகாக வந்துவிடும். நெரிசல் நேரத்துத் தவறு அதில் காணாமல் போகும். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஓடும் ஐ-95 நெடுஞ்சாலை வழித்தட மாநிலங்கள் 2008-ல் தொடங்கிய திட்டம் இதைச் சரியாகப் பிடித்தது. மணிக்கு 30 மைலுக்குக் கீழ், 30-45, 45-60, 60-க்கு மேல் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பிழை பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். மெதுவேகப் பிரிவில்தான் வண்டவாளம் வெளியே வரும்: 25 ஓடும் இடத்தில் 40 என்று காட்டும்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். சாலையில் பதித்த லூப் (கம்பிச் சுருள்), ரேடார் எல்லாம் ஒரு புள்ளியைக் கடக்கும் வேகத்தையே அளக்கும். ஒரு வண்டி 40 கிலோமீட்டர் வேகத்திலும் இன்னொன்று 120-லும் போனால் அந்தப் புள்ளியில் சராசரி 80. ஆனால் 10 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றுக்கு 15 நிமிடம், மற்றதற்கு 5. சராசரி 10 நிமிடம், அதாவது 60 கிலோமீட்டர் வேகம்தான். பயணிக்குத் தேவை இந்த இரண்டாவது கணக்கு. அதனால் இரண்டு இடங்களில், வண்டியில் உள்ள ஃபோன் போன்றவற்றின் ப்ளூடூத் சிக்னலைப் பிடிக்கும் கருவி வைத்து, ஒரே வண்டி இரண்டையும் கடக்கும் நேரத்தை எடுத்து ஒப்பிடுவதையே நம்புகிறேன். இடையில் சாப்பிட நிறுத்திய வண்டிகளைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடே கெட்டுவிடும்.

அடுத்தது தாமதம். விபத்து நடந்து வண்டிகள் தேங்கிய பிறகும் ஃபீடில், அதாவது சேவை அனுப்பும் நேரடி டேட்டாவில், சில நிமிடம் பழைய வேகமே ஓடும். உண்மை வேகத்தையும் ஃபீட் வேகத்தையும் நேரத்துக்கு எதிராகக் கோடாக வரைந்தால் இரண்டும் ஒரே வடிவம், ஃபீட் கோடு மட்டும் வலப்பக்கம் தள்ளி நிற்கும். எச்சரிக்கைப் பலகைக்கு இந்த டேட்டாவைக் கொடுப்பவர்கள் முதலில் அளக்க வேண்டியது இதைத்தான். வரிசையின் வாலில் வேகமாக வந்து மோதுவது உயிர் போகிற விஷயம்.

நள்ளிரவில் வண்டி குறைந்தால் சில சேவைகள் பழைய சராசரியை நிரப்பிவிடும். அது நேரடி அளவீடா, நிரப்பியதா என்று காட்டும் குறியீடு ஒவ்வொரு வரியிலும் இல்லாத ஃபீடை நான் வாங்குவதில்லை.