ஓசூரில் வெளிநாட்டு உணவு: எங்கே போகலாம், எதைச் சாப்பிடலாம்

ஓசூரில் வெளிநாட்டு உணவு தேடி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்கு முன் உள்ளே யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள் என்பதுதான். டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்டு போன்ற ஆலைகளையும் சிப்காட்டையும் நம்பி இந்த ஊருக்கு வந்தவர்களில் பலர், தங்கள் ஊர்ச் சமையலையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருப்பதால், நல்ல வெளிநாட்டுச் சாப்பாடு வேண்டுமென்றால் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்று என் நண்பர்கள் பலரும் இன்னும் நினைக்கிறார்கள். ஓராண்டாக ஞாயிறுதோறும் குடும்பத்துடன் ஊருக்குள்ளேயே தேடிச் சாப்பிட்டதில், அந்த எண்ணம் பாதிதான் சரி என்று எனக்குத் தெரிந்தது.

சரியில்லாத பாதிக்கு முதல் சாட்சி மோமோ. மூக்கண்டப்பள்ளிப் பக்கம், தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் நடந்து வரும் சாலையோரத்தில், நேபாளத்துத் தம்பதி ஒருவர் மாலை ஐந்து மணிக்குமேல் தள்ளுவண்டி போடுகிறார்கள். வண்டிக்குப் பெயரெல்லாம் கிடையாது. அலுமினிய அடுக்குப் பாத்திரத்திலிருந்து எழும் ஆவிதான் அடையாளம். மோமோ திபெத்திலும் நேபாளத்திலும் வீட்டில் உட்கார்ந்து பிடிக்கிற உணவு, அதை இவர்கள் நம் கண்ணெதிரே பிடிக்கிறார்கள். அந்த அம்மா எலுமிச்சை அளவு மைதா உருண்டையை எடுத்து, ஓரத்தை மட்டும் குழவியால் மெலிதாக்கி, நடுப்பகுதியைத் தடிப்பாகவே விட்டுவிடுகிறார். ஏன் என்று கேட்டேன். “நடுவுல மெலிசா இருந்தா சாறு ஒழுகிடும் சார்” என்று தமிழிலேயே சொன்னார். பொடியாகக் கொத்திய கோழிக்கறியும் வெங்காயமும் இஞ்சியும் உள்ளே போக, இடது கட்டைவிரலால் பூரணத்தை அழுத்திக்கொண்டே வலது கை விரல்களால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மடிக்கிறார். ஒன்றில் பதினாறு மடிப்பு எண்ணினேன். வெந்ததும் ஓரத்தில் சிறிதாகக் கடித்து, உள்ளே தேங்கியிருக்கும் சூடான சாற்றை உறிஞ்சிவிட்டுத்தான் மீதியைச் சாப்பிட வேண்டும். உடன் தரும் சட்னி, சுட்ட தக்காளியையும் வறுத்த எள்ளையும் அரைத்தது. அதில் திமூர் என்கிற நேபாளத்து மிளகு சேர்வதால் நாக்கு இலேசாக மரத்துப்போகும். முதன்முறை சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. எட்டு மோமோ 80 ரூபாய். ஊர் முழுக்க வேறு பல கடைகளில் மோமோ என்று விற்பது, உறைய வைத்து பாக்கெட்டில் வருவதை வேகவைத்துத் தருவது. அதன் தோல் எங்கும் ஒரே தடிமனாக, ரப்பர் போல இழுபடும். உள்ளே சாறு என்பதே இருக்காது.

அடுத்தது அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளை நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். அவர்கள் சென்னைக்குக் கொண்டுவந்த உணவு இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் கிடைக்கிறது. ஓசூரில் ராயக்கோட்டை சாலையில் மாலை நேரத்தில் கிடைக்கும் அத்தோவை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெந்த நூடுல்ஸுடன் பச்சை முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வைக்கிறார்கள். புளிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பார்சல் வாங்காதீர்கள், பேஜோ பத்து நிமிடத்தில் நமத்துப்போகும்.

மந்திக்கு மட்டும் கிருஷ்ணகிரி வரை போகலாம். ஏமனின் ஹத்ரமௌத் பகுதியைச் சேர்ந்த இந்த உணவு, கேரளத்தில் குழிமந்தியாகப் பெயர் வாங்கி நம் பக்கம் வந்தது. நிலத்தில் தோண்டிய குழியடுப்பில் தணல் போட்டு, கீழே அரிசியும் மேலே இறைச்சியுமாக வைத்து மூடிவிட்டால், இறைச்சியின் கொழுப்பு சொட்டிச் சொட்டி அரிசியில் இறங்கும். பிரியாணி மசாலாவுக்குப் பழகிய நாக்குக்கு முதல் இரண்டு வாய் சப்பென்று தோன்றலாம். மூன்றாவது வாயில் அந்தப் புகைமணம் பிடிபட்டுவிடும். பெங்களூரு சாலையில் நாங்கள் போன கடையில் தரையில் உட்காரும் இருக்கையும் உண்டு. நான்கு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு மிக அருமை. ஆனால் கோழி ஓரிடத்தில் காய்ந்திருந்தது, அதனால் ஆட்டுக்கறி மந்தி கேட்பது நல்லது.

ஷவர்மா விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஷவர்மா சாப்பிட்டபின் உயிரிழந்ததை நம் மாவட்டத்துப் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுழலும் கம்பியில் வெளிப்புறம் வெந்தாலும் உட்புறம் பச்சையாக இருக்கும் என்பதால், வெந்த மேற்பகுதியை மட்டும் மெலிதாகச் சீவி எடுக்க வேண்டும். கூட்டம் அதிகமாகும்போது ஆழமாக வெட்டுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. சீவிய கறியை மறுபடியும் தோசைக்கல்லில் புரட்டிக் கொடுக்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. முட்டையில்லாத மயோனைஸா என்று கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பாகலூர் சாலையில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர், கேட்டவுடன் புட்டியையே எடுத்துக் காட்டினார்.

நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் விற்கும் பாஸ்ட்புட் கடைகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. சீன உணவு என்று எழுதியிருந்தாலும் அது நம் நாட்டில் உருவான சுவை. அதைத் தேடிப் போக வழிகாட்டி தேவையில்லை.

நண்பர்கள் சொல்வதில் சரியாக இருக்கிற பாதி, இத்தாலியும் தாய்லாந்தும். இந்த வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய் விளைந்து வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகிறது. அப்படியிருந்தும் இங்கே ஒரு கஃபேயில் எனக்கு வந்த பாஸ்தாவில், உறைபெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட நிறம் மங்கிய துண்டுகள் கிடந்தன. அதைவிட மனம் வருந்தியது தாய்லாந்தின் மாம்பழ ஒட்டரிசிச் சோற்றில். தேங்காய்ப்பாலில் ஊறிய சோறு நன்றாகத்தான் இருந்தது, பழத்துக்குப் பதில் டின்னில் அடைத்த மாங்கூழை ஊற்றியிருந்தார்கள். ஜூன் மாதம், மாங்கனிக் கண்காட்சி நடத்துகிற மாவட்டம், கடைக்கு வெளியே தள்ளுவண்டியில் மல்கோவாவும் செந்தூராவும் குவிந்து கிடக்கின்றன. பரிமாறியவரிடம் சொன்னேன், சமையலறையில் சொல்வதாகச் சொன்னார். 240 ரூபாய்க்கு அந்தத் தட்டை இப்போதைக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன். அடுத்த மாம்பழக் காலத்தில் மறுபடியும் போய்ப் பார்ப்பேன், ஏனென்றால் அந்தச் சோற்றின் பதம் தெரிந்த கை அங்கே இருக்கிறது.

மோமோ வண்டிக்குப் போகிறவர்கள் ஏழரை மணிக்குள் போய்விடுங்கள். எட்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், பிசைந்த மாவு தீர்ந்தால் அன்றைக்கு மறுபடியும் பிசைவதில்லை.