செயின்ட் லூயிஸா, கேன்சஸ் சிட்டியா? எல்லைக்கோட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

மிசூரி மாநிலத்தின் கிழக்கு விளிம்பில், மிசிசிப்பி ஆற்றின் கரையில் செயின்ட் லூயிஸ் இருக்கிறது. மேற்கு விளிம்பில், மிசூரி ஆறும் கேன்சஸ் ஆறும் கூடும் இடத்தில் கேன்சஸ் சிட்டி இருக்கிறது. இடையே ஏறத்தாழ 250 மைல், காரில் நான்கு மணி நேரம். ஒரே மாநிலத்துக்குள் இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று பங்காளிக் காய்ச்சலுடனேயே பார்த்து வந்திருக்கின்றன. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் 12 வட்டார வங்கிகள் 1914-ல் தொடங்கப்பட்டபோது ஆளுக்கொன்றை வாங்கிக்கொண்டன. அப்படி இரண்டு வட்டார வங்கிகளைக் கொண்ட ஒரே மாநிலம் மிசூரிதான். 1985-ஆம் ஆண்டு பேஸ்பால் இறுதித் தொடரில் இரு ஊர் அணிகளும் மோதின. அதன் ஆறாவது ஆட்டத்தில் நடுவர் தந்த தவறான தீர்ப்பைப் பற்றி செயின்ட் லூயிஸ்காரர்களிடம் இன்று கேட்டாலும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள்.

வேலை நிமித்தமாக இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் வழக்கமாக வீட்டு விலை, குளிர், பள்ளிகளின் தரவரிசை ஆகியவற்றை அட்டவணை போட்டு ஒப்பிடுகிறார்கள். வீட்டு விலையில் இரண்டுமே கடற்கரை மாநகரங்களைவிட மிகவும் மலிவானவை. தட்பவெப்பத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது. கேன்சஸ் சிட்டியில் காற்று சற்றுக் கூடுதலாக வீசும். செயின்ட் லூயிஸின் ஜூலை மாதப் புழுக்கம் நம் கடலோர ஊர்களில் வளர்ந்தவர்களையும் முகம் சுளிக்க வைக்கும். என் பார்வையில் முதலில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு நகரமும் தன் எல்லைக்கோட்டை எங்கே போட்டுக்கொண்டது என்பதைத்தான். வரி, காவல்துறை, பள்ளி, குற்றக் கணக்கு என அன்றாட வாழ்க்கையைத் தொடும் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

கிராமப்புறத்துக்காக நாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற எண்ணத்தில், 1876-ல் செயின்ட் லூயிஸ் நகரம் தன்னைச் சுற்றியிருந்த கவுன்ட்டியிலிருந்து (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பிரிந்து தனித்து நின்றது. அன்று வகுத்த ஏறத்தாழ 62 சதுர மைல் பரப்பு போதுமென்று நினைத்தார்கள். அதன்பின் எல்லையை விரிக்க வழியில்லாமல் போயிற்று. 1950-ல் 8,56,796 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020 கணக்கெடுப்பின்படி எஞ்சியவர்கள் 3,01,578 பேர் மட்டுமே. வெளியேறியவர்களில் பலர் வெகுதூரம் போய்விடவில்லை; கோட்டைத் தாண்டி அதே கவுன்ட்டிக்குள் குடியேறினார்கள். இன்று அந்தக் கவுன்ட்டியில் சுமார் 10 லட்சம் பேர், ஏறத்தாழ 90 சிறு நகராட்சிகளிலும் எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளிலும் சிதறிக் கிடக்கிறார்கள். கேன்சஸ் சிட்டியோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆற்றின் வடகரையில் வயல்வெளிகளைக்கூடத் தன்னுடன் இணைத்துக்கொண்டே போனது. 300 சதுர மைலுக்கு மேல் விரிந்து, நான்கு கவுன்ட்டிகளில் பரவிய அந்த நகரத்தின் 2020 மக்கள்தொகை 5,08,090. சுற்றுவட்டாரங்களையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது: செயின்ட் லூயிஸ் பெருநகரப் பகுதி 28 லட்சம், கேன்சஸ் சிட்டியினுடையது 22 லட்சம்.

இந்த விவரம் தெரியாமல் குற்றப் புள்ளிவிவரங்களைப் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். 'அமெரிக்காவின் ஆபத்தான நகரங்கள்' என்ற பட்டியல்களில் செயின்ட் லூயிஸ் முதல் வரிசையில் இடம்பெறுவதற்கு அங்குள்ள வன்முறை ஒரு காரணமென்றால், அமைதியான புறநகர்கள் எதுவும் கணக்கில் சேராத அந்தக் குறுகிய எல்லை மற்றொரு காரணம். 2023-ல் செயின்ட் லூயிஸ் நகருக்குள் நடந்த கொலைகள் 160-க்கும் குறைவு; அதே ஆண்டில் கேன்சஸ் சிட்டியில் 180-ஐத் தாண்டி, அந்நகரின் வரலாற்றிலேயே மிக மோசமான ஆண்டாக அது பதிவாயிற்று. விகிதமாகப் பார்த்தால் செயின்ட் லூயிஸே இன்னமும் மோசம் என்றாலும், புறநகர் வீட்டு வரிசைகளையும் வயல்களையும் உள்ளடக்கிய நகரத்தோடு அதை அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. இரண்டிலும் வன்முறை சில பகுதிகளிலேயே குவிந்திருக்கிறது. செயின்ட் லூயிஸில் டெல்மார் சாலையும் கேன்சஸ் சிட்டியில் ட்ரூஸ்ட் சாலையும், இன ஒதுக்கல் காலத்து வீட்டு ஒப்பந்தங்களும் வங்கிக் கடன் மறுப்பும் விட்டுச்சென்ற பிளவை இன்னும் காட்டிக்கொண்டிருக்கின்றன. கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாதென்று 1948-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு, செயின்ட் லூயிஸ் வீடு ஒன்றைப் பற்றியதே. காவல்துறையை நடத்தும் அதிகாரமும் இரு நகரங்களின் கையிலும் இல்லை; கேன்சஸ் சிட்டியில் 1939 முதல் மாநில ஆளுநர் நியமிக்கும் வாரியம் நடத்துகிறது; 2013-ல் அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெற்ற செயின்ட் லூயிஸிடமிருந்து 2025-ல் மாநிலம் மீண்டும் பறித்துக்கொண்டது.

அடுத்து, சம்பளச் சீட்டைப் பார்ப்போம். இரு நகரங்களுமே ஈட்டும் ஊதியத்தில் ஒரு விழுக்காட்டை நகர வரியாகப் பிடிக்கின்றன. நகருக்குள் குடியிருந்தாலும் பிடித்தம் உண்டு. வெளியே குடியிருந்து நகருக்குள் வேலை பார்த்தாலும் உண்டு. ஆண்டுக்கு 80,000 டாலர் வாங்குபவருக்கு இது 800 டாலர். கோவிட் காலத்தில் நகருக்கு வெளியே தம் வீட்டிலிருந்தபடி வேலை செய்தவர்களிடமும் செயின்ட் லூயிஸ் இவ்வரியைப் பிடித்தது செல்லாதென்று நீதிமன்றம் சொல்லி, பணத்தைத் திருப்பித்தர வேண்டியதாயிற்று. தொலைவிலிருந்து பணிபுரிபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கேன்சஸ் சிட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டேட் லைன் ரோடு என்ற தெருவின் ஒரு பக்கம் மிசூரி, மறுபக்கம் அண்டை மாநிலமான கேன்சஸ். கேன்சஸ் பக்கத்து ஓவர்லேண்ட் பார்க்கில் குடியிருந்துகொண்டு மிசூரிப் பக்கத்து நகரமையத்தில் வேலை பார்ப்பவர், நகரத்தின் ஒரு விழுக்காட்டோடு இரு மாநிலங்களுக்கும் தனித்தனியாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இரு மாநிலங்களும் வரிச்சலுகையை வீசி ஒன்றின் நிறுவனங்களை மற்றொன்று கவர்ந்து, அலுவலகங்கள் தெருவைக் கடந்து இங்குமங்கும் குடிபெயர்ந்துகொண்டிருந்த கூத்து, 2019-ல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகுதான் ஓரளவு அடங்கியது.

கேன்சஸ் சிட்டியின் குழப்பம் மாநில எல்லையில் என்றால், செயின்ட் லூயிஸின் குழப்பம் தெருவுக்குத் தெரு மாறும் நகராட்சிகளில் இருக்கிறது. கவுன்ட்டியில் வீடு பார்க்கப் போகிறவர், அந்த வீடு எந்த நகராட்சியில், எந்தப் பள்ளி மாவட்டத்தில் இருக்கிறதென்று தனித்தனியே விசாரிக்க வேண்டும். இரண்டின் எல்லைகளும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. பல நகராட்சிகள் குடியேறும் முன்பே வீட்டைச் சோதித்து, யார் யார் தங்கப்போகிறார்கள் என்ற பெயர்ப்பட்டியலுடன் அனுமதிச் சீட்டு வாங்கச் சொல்கின்றன. சொந்தக் காவல்துறையும் நீதிமன்றமும் வைத்துக்கொண்டு, போக்குவரத்து அபராதத்தால் பிழைப்பு நடத்திய ஊர்களும் இருந்தன. 2014-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டால் உலகமறிந்த ஃபெர்குசன் அப்படிப்பட்ட ஒன்றுதான் என்பதை, மறு ஆண்டு வெளியான மத்திய நீதித்துறை அறிக்கை விரிவாக எடுத்துக்காட்டியது. நகரையும் கவுன்ட்டியையும் மறுபடி இணைக்கும் முயற்சி ஒன்று 2019-ல் எழுந்து, வாக்கெடுப்புக்குப் போகும் முன்பே படுத்துவிட்டது. இதற்காகக் கேன்சஸ் சிட்டியின் நிர்வாகம் ஒழுங்கானதென்று சொல்லிவிடவும் முடியாது. அந்நகரம் பரவியுள்ள நான்கு கவுன்ட்டிகளில் ஒன்றான ஜாக்சன் கவுன்ட்டி 2023-ல் வீடுகளின் மதிப்பீட்டை ஒரேயடியாக உயர்த்தியதால் எழுந்த கொந்தளிப்பு, கவுன்ட்டித் தலைவரையே 2025-ல் வாக்காளர்கள் பதவிநீக்கும் அளவுக்குப் போனது. அங்கே வீடு வாங்குபவர்கள் தற்போதைய சொத்து வரியை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

வீடுகளைப் பொறுத்தவரை செயின்ட் லூயிஸுக்கு ஈடான மத்திய மேற்கு நகரம் எனக்குத் தெரிந்து சிகாகோவைத் தவிர வேறில்லை. 1849-ல் ஊரின் வணிகப் பகுதியில் பெரும்பங்கைத் தீ விழுங்கியபின், கட்டடங்களைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டுமென்று விதி வந்தது. காலடியிலேயே நல்ல களிமண் கிடைத்தது. சூலார்ட், லாஃபயெட் ஸ்கொயர், டவர் க்ரோவ் பகுதிகளில் தொழிலாளர்களுக்கெனக் கட்டிய சாதாரண வீட்டின் நெற்றியிலும் செங்கல்லாலேயே செய்த பூவேலையைப் பார்க்கலாம். வாங்க நினைப்பவர்கள் அழகோடு சுவரின் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். பழைய சூளைச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புக் காரையால் அடுக்கப்பட்டது. காரை உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புக் கலவை கொண்டே இடுக்குகளை நிரப்பிப் பாயிண்டிங் செய்ய வேண்டும். விவரமறியாத கொத்தனார் சிமெண்டைப் பூசிவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றிக் குளிர்காலத்தில் உறைந்து, காரைக்குப் பதிலாகச் செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். சுவர் முழுவதும் கெட்டிச் செங்கல் என்பதால் குளிரைத் தடுக்கும் உறையும் உள்ளே இராது. வாங்கும் விலையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை இப்படிப் பராமரிப்பில் கட்டத்தான் வேண்டும். 2025 மே 16 அன்று நகரின் வடபகுதியைச் சுழற்காற்று தாக்கியபோது, ஏற்கெனவே பராமரிப்பின்றி நொந்துபோயிருந்த செங்கல் வீடுகள் வரிசையாகச் சரிந்தன. வடக்குக் கவுன்ட்டியில் பார்ப்பவர்கள் கோல்டுவாட்டர் ஓடையிலிருந்து வீடு எவ்வளவு தொலைவு என்பதையும் கேட்டுவிட வேண்டும். அணுகுண்டுத் திட்டத்தின் கதிரியக்கக் கழிவு அந்த ஓடையில் கலந்தது, அரசே ஒப்புக்கொண்ட உண்மை. கேன்சஸ் சிட்டியின் புரூக்சைடு, வால்டோ பகுதிகளில் கீழ்த்தளம் கல்லோ செங்கல்லோ, மேல்தளம் மரமுமாக, அகன்ற முன்திண்ணையுடன் கூடிய வீடுகள் வசதியானவை, இதமானவை. ஆனாலும் அவற்றைப் பார்ப்பதற்கென்றே யாரும் தெருத்தெருவாக நடக்க மாட்டார்கள்.

செயின்ட் லூயிஸ் தன் எல்லைக்கோட்டை மறந்து செய்த ஒரு காரியம், குடும்பங்களுக்குப் பெரும் கொடையாக அமைந்தது. 1971-ல் நகரமும் கவுன்ட்டியும் சேர்ந்து சொத்து வரியில் சிறு பங்கை ஒதுக்கி, உயிரியல் பூங்காவையும் அருங்காட்சியகங்களையும் நடத்தச் சம்மதித்தன. அதன் பயனாக, 1,300 ஏக்கர் ஃபாரஸ்ட் பூங்காவில் உள்ள உயிரியல் பூங்கா, கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவற்றில் பொது நுழைவுக்குக் கட்டணமில்லை. அறிவியல் மையமும் அப்படியே. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு யானையை மட்டும் அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் காசு வீணானதாகத் தோன்றாது என்பது, டிக்கெட் வாங்கிப் பழகியவர்களுக்கு உடனே புரியாத சுகம். கேன்சஸ் சிட்டியில் 1933-ல் திறந்த நெல்சன்-அட்கின்ஸ் கலை அருங்காட்சியகம் இலவசம். தரத்திலும் நாட்டின் சிறந்தவற்றுள் ஒன்று. உயிரியல் பூங்காவுக்குக் கட்டணம் உண்டு. அங்கேயும் 1996-ல் இரு மாநிலக் கவுன்ட்டிகள் சேர்ந்து விற்பனை வரியில் யூனியன் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தைப் புதுப்பித்தன. 2004-ல் அதையே மறுபடி முயன்றபோது வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள்.

பள்ளிகளில் இரு நகர மாவட்டங்களும் மாநில அங்கீகாரத்தை இழந்து மீண்ட வரலாறு உடையவை: செயின்ட் லூயிஸ் 2007-ல் இழந்து 2017-ல் முழுமையாகத் திரும்பப் பெற்றது, கேன்சஸ் சிட்டி 2012-ல் இழந்து 2022-ல் பெற்றது. பள்ளியை முதன்மையாகக் கருதுபவர்கள் கிழக்கே கிளேட்டன், லடூ, பார்க்வே மாவட்டங்களுக்கும், மேற்கே கேன்சஸ் மாநிலத்து ஜான்சன் கவுன்ட்டியின் புளூ வேலி, ஒலாத்தே மாவட்டங்களுக்கும் போகிறார்கள். நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல. ஒரு பக்கம் பால்வினிலும் மறுபக்கம் ஷானியிலும், இரு ஊர்களின் இந்துக் கோயில்களும் புறநகரில்தான் எழுந்திருக்கின்றன.

கார் இல்லாமல் வாழ இரண்டுமே உகந்தவை அல்ல. 1993-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோலிங்க் ரயில், செயின்ட் லூயிஸில் விமான நிலைய முனையங்களிலிருந்து நகரமையம் வழியாக ஆற்றைக் கடந்து இல்லினாய் வரை செல்கிறது. கேன்சஸ் சிட்டியின் டிராம் 2016-ல் வெறும் 2 மைல் அளவில் தொடங்கி, 2025-ல் தெற்கே பல்கலைக்கழகம் வரை நீண்டிருக்கிறது. கட்டணமில்லை, விமான நிலையத்துக்கும் போவதில்லை. விமான நிலையமென்று பார்த்தால், 2023-ல் 150 கோடி டாலர் செலவில் புதிதாகத் திறந்த கேன்சஸ் சிட்டி முனையத்தின் முன்னால், டி.டபிள்யூ.ஏ. என்ற பழைய விமான நிறுவனத்தின் மையமாக இருந்து தேய்ந்த செயின்ட் லூயிஸின் லாம்பர்ட் நிலையம் நிற்க முடியாது. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 2022-ல் தொடங்கிய நேரடி விமானம் லாம்பர்ட்டிலிருந்துதான் புறப்படுகிறது.

வேலைச் சந்தையில் சாய்வு தெளிவாகவே தெரிகிறது. 2010-க்கும் 2020-க்கும் இடையே கேன்சஸ் சிட்டிப் பெருநகரம் ஏறத்தாழ 9 விழுக்காடு வளர்ந்தது. செயின்ட் லூயிஸ் ஒரு விழுக்காட்டைச் சுற்றியே நின்றது. வழிகாட்டிக் கருவிகள் செய்யும் கார்மின், ஆரக்கிள் வாங்கிய மருத்துவ மென்பொருள் நிறுவனமான செர்னர், பர்ன்ஸ் அண்ட் மெக்டானல் போன்ற பொறியியல் நிறுவனங்கள், டி சோட்டோவில் 2025-ல் திறந்த பானசோனிக் மின்கலத் தொழிற்சாலை ஆகியவை மேற்கே இருக்கின்றன. கிழக்கே வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவ வளாகம், போயிங்கின் போர்விமானப் பிரிவு, பேயரின் விதை ஆராய்ச்சி, மாஸ்டர்கார்டின் தொழில்நுட்ப மையம் என ஆழம் அதிகம். ஆனால் மருத்துவமோ உயிரியலோ பாதுகாப்புத்துறையோ அல்லாதவருக்கு அடுத்த வேலை தேடும்போது கதவுகள் குறைவாகத் திறக்கும்.

உணவைப் பற்றிச் சண்டையிட விரும்பவில்லை. கேன்சஸ் சிட்டியின் சுட்ட இறைச்சிக்கு எதிரில் செயின்ட் லூயிஸ்காரர்கள் தம் புரோவெல் பாலாடைக்கட்டிப் பீட்சாவை நிறுத்துவது தைரியம்தான்.

கணவன் மனைவி இருவரும் கணினித்துறையில் இருந்து, பிள்ளைகள் பள்ளிப் பருவத்தில் இருந்தால், நான் ஜான்சன் கவுன்ட்டியைச் சொல்வேன். அதாவது கேன்சஸ் சிட்டி என்ற பெயரைக் கேட்டுப் போய் வேறு மாநிலத்தில், வேறு ஊரில் குடியேறச் சொல்வேன். மருத்துவ ஆராய்ச்சிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ வருபவர்கள், ஊதியம் நடுத்தரமாக இருந்தாலும் பழைய நகரத்துத் தெருவில் நடந்து வாழ விரும்புபவர்கள், செயின்ட் லூயிஸ் நகரின் தென்பகுதியில் வீடு பார்க்கலாம். நகரத்தின் ஒரு விழுக்காட்டு வரியைக் கட்டிய பிறகும் அவர்கள் கையில் மிஞ்சும். கொத்தனாரை மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.