ஐம்பதுக்குப் பின் குதிரையேற்றம்: வின்டெக் 500 சேணம் கொழும்புக்குச் சரிவருமா?

ஐம்பதைத் தாண்டியவர் குதிரையிலிருந்து இறங்கி நாரியைப் பிடித்துக்கொண்டு நின்றால், வயது போய்விட்டது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பல சமயம் குற்றம் சேணத்தின் முன்பக்கத்துக்குள் மறைந்திருக்கும் வளைந்த உலோகத் தகட்டில் இருக்கிறது. தோலுக்குப் பதிலாகச் செயற்கைப் பொருளில் சேணம் செய்யும் அவுஸ்திரேலிய வின்டெக் நிறுவனத்தின் 500 ரகப் பொதுப்பயன் சேணத்தில் அந்தத் தகட்டை நாமே மாற்றலாம். கொழும்பில் நடுவயதுக்காரர் ஒருவர் சேணம் வாங்குவதென்றால் இதை முதலில் பார்க்கச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உள்ள மேட்டைத் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். தகடு அந்த மேட்டின் இருபுறமும் கவிந்து நிற்கிறது. தகடு குறுகலாக இருந்தால் சேணத்தின் முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழும். இருக்கையின் பள்ளமும் பின்னுக்கு நகரும். அப்போது ஏறியவரின் கால்கள் முன்னே போய்விடும், நாற்காலியில் சாய்ந்திருப்பவரைப் போல உட்காருவார், துள்ளுநடையின் ஒவ்வொரு அடியும் நேராக நாரியில் இறங்கும். அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் முன்பக்கம் தாழ்ந்து தோள்மேட்டை நசுக்கும். ஏறியவர் முன்னுக்குச் சரிவார், பாரம் முழங்கால்களுக்குப் போகும், குதிரைக்குத் தோள்மேட்டில் புண் வரும். இருபத்தைந்து வயது உடம்பு இதையெல்லாம் சமாளித்துவிடும். தேய்ந்த முழங்காலும் இறுகிய இடுப்பும் சமாளிக்காது.

இங்கே சவாரிக்குக் கிடைக்கும் குதிரைகளில் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரைகளும் உண்டு. அவற்றின் தோள்மேடு உயர்ந்து ஒடுங்கியிருக்கும். நல்ல தீனியும் ஒழுங்கான வேலையும் கிடைத்தால் சில மாதங்களில் முதுகில் சதை பிடிக்கும், நோயில் படுத்தால் திரும்ப வற்றும். அளவு மாறாத தோல் சேணத்தை ஒவ்வொரு முறையும் சரிசெய்ய அதற்கென்று தேர்ந்த கைவினைஞர் வேண்டும். கொழும்பில் அப்படியொருவரைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. வின்டெக்கின் தகடுகளுக்கு நிறக்குறி உண்டு: மஞ்சள் மிகக் குறுகல், பச்சை அதற்கடுத்தது, கறுப்பு நடுத்தரம், நீலம் சற்று அகலம், சிவப்பு அகலம், வெள்ளை மேலும் அகலம். சேணத்தோடு பொதுவாகக் கறுப்புத் தகடுதான் வரும். மற்றவற்றைத் தனியாக வாங்க வேண்டும். தரோபிரெட்டுக்குப் பெரும்பாலும் பச்சைக்கும் கறுப்புக்கும் இடையில்தான் தேர்வு.

எந்த நிறம் என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. புத்தகக் கடையில் படம் வரைவதற்கு விற்கும் வளையும் ரூலர் ஒன்று போதும். குதிரையைச் சமதரையில் நிறுத்தி, தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் ரூலரை முதுகின் குறுக்கே அழுத்தி வளைத்து, அந்த வளைவைக் கார்ட்போர்ட்டில் வரைந்து வெட்டுங்கள். அட்டையில் திகதியை எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே அட்டையைக் குதிரையின் மேல் வைத்துப் பார்த்தால் முதுகு மாறியிருப்பது உடனே தெரியும்.

தகட்டை மாற்ற நட்சத்திரத் தலை ஸ்க்ரூட்ரைவர் போதும். சேணத்தை மேசையில் கவிழ்த்து வைத்து, குதிரையின் முதுகில் படும் மெத்தையான அடித்தட்டை முன்பக்கத்தில் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்து அதை விலக்கினால் தகடு தெரியும். பழைய தகட்டைக் கழற்றிப் புதியதை வைத்ததும் எல்லா ஸ்க்ரூக்களையும் முதலில் விரலால் பாதிவரை திருகுங்கள். அதன் பிறகே ஸ்க்ரூட்ரைவரால் இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் அடுத்தது கோணலாக ஏறி மரையைக் கெடுத்துவிடும். கடல்காற்று படும் இடமென்றால் ஸ்க்ரூவில் சிறிது வாஸ்லின் தடவுவது நல்லது, இல்லாவிட்டால் அடுத்த முறை துரு பிடித்துக்கொண்டு வராது. முடிந்ததும் குதிரையில் போட்டு வயிற்றுப்பட்டியை இறுக்கி, ஆளும் ஏறியபின் பாருங்கள். தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும். சவாரிக்குப் பிறகு வியர்வைத் தடத்தையும் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க நடுவில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் விழுகிறது.

அடித்தட்டில் பஞ்சு அடைத்த வகையும் உண்டு, கெயார் எனப்படும் காற்றுப்பை வகையும் உண்டு. காற்றுப்பை குலுக்கலை நன்றாக வாங்கிக்கொள்கிறது, நாரி வலி உள்ளவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் அது தொழிற்சாலையிலேயே மூடி வருவது. நாம் காற்று அடிக்கவோ இறக்கவோ முடியாது, ஊசி பட்டால் தட்டையே மாற்ற வேண்டும். ஏப்ரல் வசந்த காலத்தில் குதிரையோடு நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1,800 மீற்றருக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பை உப்பி விறைப்பாகும், கொழும்பில் கச்சிதமாகப் படிந்த சேணம் அங்கே மேலே தூக்கி நிற்கலாம். கொழும்பிலேயே இருப்பவருக்குக் காற்றுப்பை, மலைக்குப் போய்வருபவருக்குப் பஞ்சு என்பதே என் தேர்வு.

எடை சுமார் 5 கிலோ. பல தோல் சேணங்கள் இதைவிடப் பாரம். 16 கை (ஒரு கை 4 அங்குலம்) உயரக் குதிரையின் தோள்மேடு தரையிலிருந்து ஏறத்தாழ 163 சென்ரிமீற்றர். தோள்மூட்டு இறுகியவர் அந்த உயரத்துக்குத் தூக்கிப் போடும்போது ஒவ்வொரு கிலோவும் கணக்குத்தான். குதிரைக்கும் அப்படியே. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 வீதத்தைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பான வழக்கம். 420 கிலோக் குதிரைக்கு அது 84 கிலோ. நடுவயதில் ஏறிய எடையை மறைத்துக் கணக்குப் போட்டால் வலி குதிரைக்குத்தான்.

குறை என்று பார்த்தால் இருக்கையின் இடுக்கு முதலில் வரும். தொடைகளுக்கு நடுவே வரும் பகுதி எவ்வளவு அகலம் என்பதைத் தகடு மாற்றாது. இடுப்பு மூட்டுத் தேய்ந்தவருக்கு அகன்ற இடுக்கு கால் மணி நேரத்திலேயே வலி தரும். 17, 17.5, 18 அங்குலம் என்று இருக்கையின் நீளத்தை மட்டும் கேட்டு வாங்காமல், இரவல் சேணத்திலாவது இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அடுத்தது மேற்பரப்பு. சூயிட் போன்ற அந்தத் துணி வழுக்காது, ஆனால் குதிரை மயிரை விடாமல் பிடித்துவைக்கும். முழங்கால் தாங்கிகளை ஒட்டும் வெல்க்ரோவில் மயிர் நிறைந்தால் தாங்கி இடம் பெயரும். ஈர்க்கொல்லிச் சீப்பால் வாரி எடுத்துவிடலாம்.

ஈர விஷயத்தில் இது தோலை வெல்கிறது. மே மாத மழை தொடங்கினால் கொழும்பில் தோல் சேணத்தில் பூஞ்சணம் பிடிப்பது நிச்சயம், எண்ணெய் கூடப் பூசினால் இன்னும் விரைவாகப் பிடிக்கும். வின்டெக்கைச் சுத்தம் செய்யத் தண்ணீரும் பிரஷும் போதும். எண்ணெயும் சேணச் சவர்க்காரமும் வேண்டாம், பரப்பு வழுக்கத் தொடங்கும். நிழலில் காய வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விடாதீர்கள். வியர்வை உப்போடு அலுமாரியில் பூட்டினால் இதிலும் பூஞ்சணம் வரும்.

அங்கவடி வார் மாட்டும் கம்பியின் நுனியில் மடியும் நாக்கு இருந்தால் அதை எப்போதும் கீழே மடக்கியே வையுங்கள். விழுந்தவரின் கால் மாட்டிக்கொண்டால் வார் கழன்று வர வேண்டும். ஏறும்போது குறைந்தது 50 சென்ரிமீற்றர் உயரப் படி வையுங்கள். தரையிலிருந்து இழுத்து ஏறினால் எந்தச் சேணமும் பக்கவாட்டில் திருகி முதுகெலும்பின் ஓரத்தை அழுத்தும். இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பவர் ஏறுவதற்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள், தலையில் சிறிய அடியே பெரிய இரத்தக்கசிவாகலாம்.

லண்டனிலோ மெல்பேர்னிலோ இருந்து வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பவர்கள், பச்சைத் தகட்டையும் நீலத் தகட்டையும் சேர்த்தே கேளுங்கள். பாவித்ததை வாங்குவதானால் முன்பக்கத்தை வயிற்றில் அணைத்து, பின்பக்கத்தைத் தன்பக்கம் இழுத்துப் பாருங்கள். இருக்கையில் மடிப்பு விழுந்தாலோ உள்ளே கிறீச்சிட்டாலோ சட்டம் உடைந்திருக்கக்கூடும், விட்டுவிடுங்கள். இரண்டு அடித்தட்டுகளையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒன்று மட்டும் தொய்ந்தால் காற்றுப்பை கசிகிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.