மூடுலா, கூகுள் கிளாஸ்ரூமா?

இரண்டும் இணையவழியில் பாடம் நடத்த உதவும் தளங்கள். ஆசிரியர் பாடத்தைப் பதிவேற்றி ஒப்படைப்பு வாங்கினால் போதும் என்றால் கூகுள் கிளாஸ்ரூம் தாராளம். 2014இல் வந்தது. சர்வர் வேண்டாம், பராமரிப்பாளர் வேண்டாம், மாணவர்கள் கைபேசியிலேயே சேர்ந்துவிடலாம். 2020 ஊரடங்கில் பல கல்லூரிகள் சட்டென்று அதற்குத் தாவியது இதனால்தான்.

மூடுல் வேறு வகை. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட திறமூல மென்பொருள்; அதாவது, யாரும் இலவசமாக எடுத்துத் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் போன்றவை இதையே பயன்படுத்துகின்றன. இதன் உண்மையான பலம் வினா வங்கி. ஒரே கணக்கை மாணவருக்கு மாணவர் வேறு எண்களோடு தரலாம்; பக்கத்து மாணவரின் விடையைப் பார்த்து எழுதிப் பயனில்லை. முதல் அலகுத் தேர்வில் தேறினால்தான் அடுத்த அலகு திறக்கும்படி வைக்கலாம். மாணவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் மதிப்பிடும் வசதியும் உண்டு. பொறியியல், கணிதத் துறைகளுக்கு இது பெரிய வரம் என்றே சொல்வேன். கிளாஸ்ரூமில் தேர்வுக்குப் பயன்படும் கூகுள் ஃபார்ம்ஸ் வினாடி வினா இதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் மூடுலுக்கு ஆள் வேண்டும். காப்புப்பிரதி எடுக்க, பதிப்பைப் புதுப்பிக்க, தேர்வு நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழையும்போது சர்வரைத் தாங்கிப் பிடிக்க. அந்த ஊதியத்தைக் கணக்கில் சேர்க்காமல் 'இலவசம்' என்பது தவறு.

கிளாஸ்ரூமிலும் குறை உண்டு: விதிகள் நம் கையில் இல்லை. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் இருந்த சேமிப்பிடத்தை, நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்று கூகுள் 2021இல் மாற்றி அறிவித்தது. விரிவுரைக் காணொளிகளைக் குவித்து வைக்கும் பல்கலைக்கழகத்துக்கு அது சிறிய விஷயம் அல்ல. மதிப்பெண் பதிவேடு பல ஆண்டுகள் நிலைக்க வேண்டிய பல்கலைக்கழகம் மூடுலுக்கே செலவிட வேண்டும். தொழில்நுட்பப் பணியாளர் இல்லாத சிறு கல்லூரிக்குக் கிளாஸ்ரூமே சரி.