புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் எடுக்கலாமா? நான்கு வருடமும் படித்தவன் சொல்கிறேன்

மெக்கானிக்கல் கிடைக்காதவர்கள் எடுக்கும் கோர்ஸ் என்றுதான் புரொடக்‌ஷன், இண்டஸ்ட்ரியல், மேனுஃபாக்சரிங் மூன்றையும் பலர் நினைக்கிறார்கள். கவுன்சலிங் சமயத்தில் சொந்தக்காரர்களும் அதையேதான் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். ஒரு பம்பை வடிவமைப்பது ஒரு வேலை என்றால், அதே பம்பை ஒரு நாளைக்கு ஐநூறு, எல்லாம் ஒரே அளவில், சொன்ன விலைக்குள் செய்து அனுப்புவது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் இந்தப் படிப்பு.

முதல் வருடம் எல்லா பிரிவுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் லேத் (கடைசல் இயந்திரம்), மில்லிங், வார்ப்பு, வெல்டிங், மெட்ராலஜி (துல்லியமாக அளக்கும் பாடம்) என்று வரும். நீளமான கம்பியை லேத்தில் இரண்டு சென்டருக்கு, அதாவது இரு முனையையும் தாங்கும் கூம்புகளுக்கு, நடுவில் பிடித்துக் கடைந்துவிட்டு மைக்ரோமீட்டரை வைத்துப் பாருங்கள், ஓரங்களைவிட நடுப்பகுதி கொஞ்சம் தடித்திருக்கும். டூல் அழுத்தும்போது கம்பி நடுவில் வளைந்து விலகிவிடுகிறது, அதனால் அங்கே வெட்டு குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, 0.01 மி.மீ. வரை காட்டும் கருவிக்குத் தெரியும். டாலரன்ஸ், அதாவது அளவில் எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம் என்பது, என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனால் இந்தப் படிப்பின் உயிர் வொர்க் ஸ்டடியிலும் (வேலை நடக்கும் முறையையும் நேரத்தையும் அளந்து பார்ப்பது) ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சிலும்தான் (எதை எவ்வளவு செய்தால் லாபம் என்று கணக்குப் போட்டு முடிவெடுப்பது) இருக்கிறது. இன்டர்ன்ஷிப்புக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனேன் (அங்கே ஐ.இ., அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர், என்றாலே எல்லாருக்கும் தெரியும், ஸ்டாப்வாட்சோடு நிற்கிறவர்). கணக்கு சுலபம்தான். 8 மணி நேரத்தில் 600 டி-ஷர்ட் வேண்டுமென்றால் ஒரு பீஸுக்கு 48 விநாடி. தோள் சேர்ப்பது, கழுத்து ரிப் வைப்பது எல்லாம் அதற்குள் முடிந்துவிடுகிறது, சைடு அடிக்கிற அக்காவுக்கு மட்டும் 70 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அந்த லைனிலிருந்து நாளைக்கு 411 பீஸ்தான் வெளியே வரும், மீதியெல்லாம் அவர் பக்கத்தில் பண்டல் பண்டலாகக் குவியும். சூப்பர்வைசர் அவரைத்தான் திட்டுவார். உண்மையில் தேவை அந்த இடத்தில் இன்னொரு ஓவர்லாக் மெஷின். திட்டு வாங்குகிறவர் மீது தப்பில்லை என்று எண்ணைக் காட்டிச் சொல்ல முடிகிறதே, இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. நான் படித்த கல்லூரியில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. மெஷின் இருந்தது, ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் ஓடும். ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் வரும் சிம்ப்ளெக்ஸ் டேபிளைப் பக்கம் பக்கமாகக் கையால் போடவைத்தார்கள், அதே கணக்கை எக்செல் சால்வரில் போட்டுக் காட்ட யாரும் இல்லை. தரம் எல்லைக்குள் இருக்கிறதா என்று புள்ளி வைத்துப் பார்க்க 1924-லேயே ஷூஹார்ட் கொடுத்த கண்ட்ரோல் சார்ட்டை வரையத் தெரிந்தவர்கள் வகுப்பில் நிறையப் பேர், ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே போனால் மெஷினில் எதைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டால் பதில் வராது. அது மாணவர்கள் குற்றமில்லை, ஷாப் ஃப்ளோரை அவர்களுக்குக் காட்டவே இல்லை.

வேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளத்தில் ஐ.டி. போன நண்பர்கள் முன்னால் இருப்பார்கள், ஷிஃப்ட் உண்டு, ஓசூரோ ஒரகடமோ எங்கே கம்பெனியோ அங்கே போய்த்தான் தங்க வேண்டும். சத்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒத்துவராதவர்கள் எடுக்க வேண்டாம். தரம், பிளானிங், சப்ளை செயின் என்று பிறகு நகர வழி இருக்கிறது.

படிப்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், எனக்கு அது கிடைத்த விதத்துக்கு மூன்று. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே படிக்கிற மூன்றாம் வருட மாணவர் யாரையாவது பிடித்து இரண்டே கேள்வி கேளுங்கள்: லேத்தை நீங்களே ஓட்டினீர்களா, பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? இன்டர்ன்ஷிப் நிஜமாகவே போனீர்களா, சர்டிஃபிகேட் மட்டும் வாங்கினீர்களா?